வெட்டுப்புள்ளியால் உள்ளே வந்தவள் எப்போது விஞ்ஞானி ஆவாள்? – இம்போஸ்டர் சிண்ட்ரோம் பற்றி ஒரு கேள்வி

#1 வாவிமகள்

வணக்கம். இங்கே நெடுநாளாக வாசிக்கிறேன், எழுதுவது அரிது. சுற்றிவளைக்காமல் கேட்டுவிடுகிறேன்.

மட்டக்களப்பு வாவியின் உப்புச்செறிவு மாறும்போது தாவர மிதவை உயிரிகள் எப்படி மாறுகின்றன என்பதுதான் என் கலாநிதிப் பட்ட ஆய்வு. இரண்டு கட்டுரைகள் சஞ்சிகைகளில் வந்திருக்கின்றன. அடுத்த மாதம் கொழும்பில் நடக்கும் ஓர் ஆய்வரங்கில் வாவி பற்றி அழைப்புரை ஆற்றும்படி கேட்டிருக்கிறார்கள். வேறு யாராவது என்றால் வீட்டில் பாயாசம் காய்ச்சியிருப்பார்கள். நான் "உடல்நிலை சரியில்லை, மன்னிக்கவும்" என்று ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்திருக்கிறேன். உடம்புக்கு ஒன்றுமில்லை. இன்னும் அனுப்பவில்லை, அவ்வளவுதான்.

என் ஊர் வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்டூர்ப் பக்கம். எங்கள் பாடசாலையில் உயர்தரப் பௌதிகத்துக்கு ஆசிரியர் இருக்கவில்லை. பாதையில் (ஆட்களை ஏற்றிக் கடக்கும் மிதவைப் படகு) ஏறி வாவியைக் கடந்து குருமண்வெளி, அங்கிருந்து களுவாஞ்சிகுடியில் ரியூசன். மாரியில் பாதை ஓடாத நாட்களில் வகுப்பும் இல்லை. மாவட்ட வெட்டுப்புள்ளியில்தான், அதாவது மாவட்டத்துக்கு மாவட்டம் மாறும் குறைந்தபட்ச அனுமதிப் புள்ளியில்தான், பல்கலைக்கழகம் கிடைத்தது. முதல் வருடத்தில் கூடப் படித்த ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னாள்: "உங்கள் மாவட்டத்துக்கு என்ன கவலை, குறைந்த புள்ளிக்கே கதவைத் திறந்துவிடுவார்களே."

அவள் அதை அன்றைக்கே மறந்திருப்பாள். என்னால் முடியவில்லை. பட்டப் பரீட்சையில் முதலாம் வகுப்பில் சித்தியடைந்தபோது, அந்த வருடம் வினாத்தாள் இலகு என்று நினைத்தேன். தற்காலிக உதவி விரிவுரையாளர் நியமனம் வந்தபோது, வேறு யாரும் விண்ணப்பித்திருக்க மாட்டார்கள் என்று நினைத்தேன். கட்டுரை ஏற்கப்பட்டபோது, மேற்பார்வையாளரின் பெயருக்காகப் போட்டிருப்பார்கள் என்று நினைத்தேன். கொழும்பில் மேடை ஏறினால் யாராவது ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்பார்கள், நான் விழிப்பேன், அதோடு எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்பதுதான் இப்போதைய பயம்.

இது இம்போஸ்டர் சிண்ட்ரோம், தகுதி இருந்தும் தன்னைப் போலி என்று நம்பும் உணர்வு, என்று தோழி ஒருத்தி சொல்கிறாள். எனக்கு உள்ள சந்தேகம் வேறு. நான் உண்மையிலேயே தகுதி இல்லாதவளாக இருந்தால்? இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

#2 பழைய_ஆய்வுகூடம்

முதலில் அந்த மின்னஞ்சலை அழித்துவிடுங்கள் மகள். மற்றதைப் பிறகு கதைக்கலாம்.

இந்தப் பெயர்களில் எனக்கு நம்பிக்கை குறைவு. ஒரு பெயர் கிடைத்தவுடன் பிள்ளைகள் அதை அடையாள அட்டைபோல் கழுத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். அது கிடக்கட்டும். உங்கள் பதிவை ஒரு மாணவியின் ஆய்வறிக்கையாக எடுத்துத் திருத்தினேன்.

> வேறு யாரும் விண்ணப்பித்திருக்க மாட்டார்கள்

எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள்? விசாரித்தீர்களா? வினாத்தாள் இலகு என்றால் அந்த வருடம் எத்தனை பேருக்கு முதலாம் வகுப்பு கிடைத்தது? மேற்பார்வையாளரின் பெயருக்காகக் கட்டுரை வந்தது என்றால், அவருடைய பெயர் இருந்தும் திருப்பி அனுப்பப்பட்ட கட்டுரைகள் அவரிடம் எத்தனை இருக்கின்றன? ஒன்றுக்கும் தரவு இல்லை, மூன்றுக்கும் முடிவு எழுதிவிட்டீர்கள். உங்கள் மாணவன் இப்படி எழுதிக் கொடுத்தால் சிவப்பு மையால் குறுக்கே கோடு கிழித்திருப்பீர்கள்.

#3 களுவாஞ்சி_டொக்டர்

சேர் திருத்தியது சரி. பெயரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்ல வேண்டும்.

1978இல் அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த போலின் கிளான்ஸ், சுசான் ஐம்ஸ் என்ற இரண்டு உளவியலாளர்கள் இதை முதலில் விவரித்தார்கள். தொழிலிலும் படிப்பிலும் நன்றாக முன்னேறிய 150க்கு மேற்பட்ட பெண்களோடு பழகியதிலிருந்து எழுதிய கட்டுரை அது. பட்டம், பதவி, பாராட்டு எல்லாம் கையில் இருந்தும், "அதிர்ஷ்டத்தால் வந்தது, யாரோ தவறாக மதிப்பிட்டுவிட்டார்கள்" என்று நம்பிய பெண்கள். வாவிமகள் எழுதிய மூன்று காரணங்களையும் அந்தப் பட்டியலில் அப்படியே சேர்க்கலாம். 1985இல் கிளான்ஸ் இதற்கு 20 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலையும் செய்தார். 20 முதல் 100 வரை புள்ளி வரும். 60க்கு மேல் போனால் இந்த உணர்வு அடிக்கடி வருகிறது என்று பொருள்.

ஆனால் உளமருத்துவ வகைப்பாட்டு நூல்களில் இது ஒரு நோயாக இல்லை. 2020இல் வந்த ஒரு தொகுப்பாய்வு 62 ஆய்வுகளை, மொத்தம் 14,161 பேரை, ஒன்றாக வைத்துப் பார்த்தது. எத்தனை வீதமானவர்களுக்கு இது இருக்கிறது என்பதற்குக் கிடைத்த விடை 9 முதல் 82 வரை. எந்த அளவுகோல், எங்கே கோடு போடுகிறார்கள் என்பதைப் பொறுத்து அவ்வளவு அகலம். ஆண்களிடமும் காணப்பட்டது. இதற்கென்று ஒரு சிகிச்சையைப் பரிசோதித்த ஆய்வு ஒன்றுகூட அவர்களுக்கு அகப்படவில்லை. ஆகவே "ஐந்தே நாளில் இம்போஸ்டர் சிண்ட்ரோமை விரட்டுங்கள்" என்று யாராவது பயிற்சிப்பட்டறைக்குக் காசு கேட்டால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்றை வைத்தியராகச் சொல்ல வேண்டும். அந்த ஆய்வுகளில் இந்த உணர்வோடு மனச்சோர்வும் பதகளிப்பும் அடிக்கடி சேர்ந்தே வந்தன. நித்திரை இல்லை, பசி இல்லை, காலையில் எழும்பவே விருப்பமில்லை என்ற நிலை வாரக்கணக்கில் நீடித்தால் இணையத்தில் ஆலோசனை தேடிக்கொண்டிருக்க வேண்டாம். ஆதார வைத்தியசாலைகளின் உளநலப் பிரிவுக்குப் போகலாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் அழைக்கலாம்.

#4 வாவிமகள்

நன்றி டொக்டர். நித்திரை வருகிறது, பசியும் இருக்கிறது. மின்னஞ்சல் பெட்டியைத் திறக்கும்போதுதான் வயிற்றைப் பிசைகிறது.

சேர், எத்தனை பேர் விண்ணப்பித்தார்கள் என்று எனக்குத் தெரியாதுதான். ஆனால் வெட்டுப்புள்ளி விடயத்தில் தரவு இருக்கிறதே. அது ஊகம் இல்லை. அச்சிட்டு வெளியிட்ட எண்.

#5 ஒலுவில்_எண்கணக்கு

எண் என்றவுடன் உள்ளே வருகிறேன். புள்ளிவிவரவியல் படிப்பிப்பவன். இந்தக் கதையை ஒவ்வொரு வருடமும் என் மாணவர்களிடமிருந்தும் கேட்கிறேன், பெரும்பாலும் அம்பாறை மாவட்டத்துப் பிள்ளைகள்.

2001 முதல் அனுமதிக்கு இசட் புள்ளி. உங்கள் புள்ளியிலிருந்து அந்தப் பாடத்தின் சராசரியைக் கழித்து நியம விலகலால் (புள்ளிகள் எவ்வளவு பரந்து கிடக்கின்றன என்ற அளவு) வகுப்பார்கள். மூன்று பாடங்களுக்கும் வந்ததைச் சராசரி எடுப்பார்கள். அதாவது அந்த வருடம் அந்தத் தாள்களை எழுதியவர்களின் வரிசையில் நீங்கள் நின்ற இடம். அதற்கு மேல் அந்த எண்ணுக்கு ஒன்றும் தெரியாது. பௌதிக ஆசிரியர் இருந்தாரா, பாதை ஓடியதா என்று அது கேட்கவில்லை.

விஞ்ஞானப் பிரிவுக் கற்கைநெறிகளில் ஏறத்தாழ 40 வீதம் அகில இலங்கைத் திறமைக்கு, 55 வீதம் மாவட்டங்களுக்குச் சனத்தொகை அடிப்படையில், 5 வீதம் கல்வியில் பின்தங்கியவை என்று குறிக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு. மட்டக்களப்பும் அம்பாறையும் அந்த 16இல் இருக்கின்றன. கணக்கைப் பாருங்கள்: பாதிக்கு மேற்பட்ட இடங்கள் மாவட்ட அடிப்படையில்தான் போகின்றன. உங்களைப் பார்த்துச் சிரித்த அந்தச் சகோதரியும் தன் மாவட்டக் கணக்கில் வந்தவராக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு.

இனி முக்கியமானது. உள்ளே வந்தபின் என்ன நடந்தது? முதலாம் வகுப்புக்கு மாவட்ட வெட்டுப்புள்ளி கிடையாது. எல்லோருக்கும் ஒரே தாள். சஞ்சிகையின் மீளாய்வாளருக்கு மண்டூர் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. அவர் பார்த்தது உங்கள் தரவை மட்டும். உயர்தரத்து எண்ணை அதற்குப் பிறகு வந்த அளவீடுகள் எல்லாவற்றின் மேலும் ஏற்றி வைத்திருக்கிறீர்கள்.

கோட்டாவில் வருபவர்கள் எல்லோரும் பிறகு முன்னணிக்கு வந்துவிடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. சிலர் தடுமாறுகிறார்கள், சிலர் விட்டுவிட்டும் போகிறார்கள். ஆனால் அது அவரவர் பரீட்சைத் தாளில் பார்க்க வேண்டிய விடயம்.

#6 தேற்றாத்தீவு_தம்பி

நான் மூன்றாம் வருட மாணவன். பெரியவர்கள் கதைக்கும் இடத்தில் ஒரு விடயம்.

எங்கள் வகுப்பில் விரிவுரை முடிந்ததும் "விளங்கியதா?" என்று கேட்பார்கள். எல்லோரும் தலையாட்டுவோம். விரிவுரையாளர் வாசலைத் தாண்டுவதற்குள் வாட்ஸ்அப் குழுவில் "மச்சான், கடைசி அரை மணித்தியாலம் யாருக்காவது விளங்கியதா?" என்று வரும். ஒருவருக்கும் விளங்கியிருக்காது. ஆனால் தலையாட்டும்போது ஒவ்வொருவனும் தனக்கு மட்டும்தான் விளங்கவில்லை என்று நினைத்திருப்பான். தமிழில் உயர்தரம் படித்துவிட்டு முதல் நாளே ஆங்கிலத்தில் விரிவுரை கேட்பவர்களுக்கு இது இன்னும் மோசம். விளங்காதது பாடமா ஆங்கிலமா என்றே தெரியாமல் இருப்போம்.

அக்கா, உங்களைப்போல் செய்முறை வகுப்பு எடுக்கும் உதவி விரிவுரையாளர்களைப் பார்த்து, இவர்களுக்கு எல்லாம் தெரியும், இவர்களிடம் கேட்டால் நம் மானம் போகும் என்று நினைப்பவர்கள் நாங்கள். நீங்களும் இப்படி இருக்கிறீர்கள் என்பது எனக்குப் புதினமாக இருக்கிறது.

#7 மெல்பேர்ன்_மட்டு

ஊர் கல்லடி, இப்போது அவுஸ்திரேலியாவில் முதுநிலை ஆய்வாளர். வெளிநாடு போனால் இது போய்விடும் என்று நினைப்பவர்களுக்கு: போகாது. விமானத்தில் பக்கத்து இருக்கையில் அமர்ந்து கூடவே வரும்.

எனக்கு உதவியது ஒன்றே ஒன்று. டன்னிங், குரூகர் என்ற உளவியலாளர்களின் பெயர்களை எல்லோரும் "அறிவிலிக்குத் தன் அறியாமை தெரியாது" என்று மற்றவனைத் திட்டத்தான் பயன்படுத்துகிறார்கள். அதே 1999 கட்டுரையின் மறுபாதியை யாரும் வாசிப்பதில்லை. பரீட்சையில் முதல் கால்வாசியில் இருந்தவர்கள் மற்றவர்களோடு ஒப்பிட்டுத் தங்களைக் குறைத்து மதிப்பிட்டார்கள். தங்களுக்கு இலகுவாக வந்தது மற்றவர்களுக்கும் இலகுவாகத்தான் வந்திருக்கும் என்ற நினைப்பு. பிறகு, சக மாணவர்கள் எழுதிய விடைத்தாள்களை அவர்களிடமே கொடுத்துத் திருத்தச் சொன்னார்கள். மற்றவர்களின் தாள்களைப் பார்த்ததும் முதல் கால்வாசிக்காரர்கள் தங்கள் மதிப்பீட்டை மேலே ஏற்றினார்கள். கடைசிக் கால்வாசிக்கு அதே தாள்களைப் பார்த்தும் ஒரு மாற்றமும் இல்லை.

அறிவுரை சொல்லவில்லை, தைரியம் கொடுக்கவில்லை. மற்றவர்களின் தாளைக் காட்டினார்கள், அவ்வளவுதான். நாமோ நம்முடைய கிழிந்த வரைவையும் மற்றவர்களின் அச்சேறிய கட்டுரையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். இங்கே வந்த பிறகு எங்கள் குழுத் தலைவரின் முதல் வரைவைப் பார்த்தேன். பாதி வாக்கியங்கள் முடிவே இல்லாமல் தொங்கின. அன்றைக்கு எனக்குக் கிடைத்த நிம்மதியை எந்தப் பாராட்டும் தந்ததில்லை.

#8 ஒலுவில்_எண்கணக்கு

அந்தக் கட்டுரையின் வரைபடத்தில் பெரும்பகுதி சராசரியை நோக்கிய பின்னடைவால் (ஓர் அளவீட்டில் ஓரத்தில் நிற்பவர்கள் இன்னோர் அளவீட்டில் நடுவை நோக்கி வருவது) தானாகவே வரக்கூடியது என்று பின்னால் பலர் காட்டியிருக்கிறார்கள். அதை மறைத்துவிட்டு மேற்கோள் காட்ட முடியாது. ஆனாலும் தாள் திருத்தக் கொடுத்த அந்தப் பகுதியை நானும் ஒப்புக்கொள்கிறேன்.

#9 காரைதீவான்

நம் மண்ணிலேயே உதாரணம் இருக்கும்போது ஏன் அமெரிக்காவுக்குப் போக வேண்டும்? சுவாமி விபுலாநந்தர் 1892இல் காரைதீவில் பிறந்தவர். 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர், 1920இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டதாரி. இரசாயனம் படிப்பித்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் தமிழ்ப் பேராசிரியர், 1943இல் இலங்கைப் பல்கலைக்கழகத்திலும் அதே பதவி. விஞ்ஞானம் படித்தவன் தமிழுக்கு ஏன் வந்தான் என்று யாராவது கேட்பார்களோ என்று அவர் அஞ்சினாரா? யாழ் நூலில் இசையையும் கணிதத்தையும் சேர்த்து வைத்தார். தங்கச்சி, அவர் பிறந்த மண்ணிலிருந்து போகிறீர்கள், தலை நிமிர்ந்து போங்கள்.

#10 வாவிமகள்

அண்ணா, நல்ல மனதோடு சொல்கிறீர்கள், கோபிக்க வேண்டாம். எனக்கு இது எதிர்மாறாக வேலை செய்கிறது. விபுலாநந்தர் படித்த மண் என்றால் என்னுடைய கூச்சம் இன்னும் கூடுகிறது. அவர் அஞ்சினாரா இல்லையா என்று நமக்கு எப்படித் தெரியும்? யாழ் நூலுக்காகப் பல ஆண்டுகள் உழைத்தார் என்று படித்திருக்கிறோம். அந்த ஆண்டுகளில் எத்தனை கணக்கை அழித்து எழுதினார், எந்த இரவில் இதை விட்டுவிடலாம் என்று நினைத்தார் என்பதெல்லாம் பாடப்புத்தகத்தில் வரவில்லையே. மெல்பேர்ன் அண்ணா சொன்ன "அச்சேறிய கட்டுரை" இதுவும்தான்.

#11 சம்மாந்துறை_வயல்

எல்லோரும் வாவிமகளைத் தேற்றுகிறீர்கள். நான் கொஞ்சம் எதிர்ப்பக்கம் நிற்கிறேன். சில நேரங்களில் நமக்கு உண்மையிலேயே தெரியாது. அதையும் "சிண்ட்ரோம்" என்று சொல்லிக் கடந்து போவது ஆபத்து.

நான் நெல் ஆராய்ச்சியில் இருக்கிறேன். வேலைக்கு வந்த புதிதில் ஒரு வட்டைக்கு (வயல்வெளிக்கு) போனேன். பயிரின் கீழ் இலைகளில் நுனியிலிருந்து செம்பழுப்புப் புள்ளி. சுற்றி நின்ற விவசாயிகள், என் வாப்பா வயதுக்காரர்கள், "என்ன மகள், என்ன வருத்தம் இது?" என்று கேட்டார்கள். வடிகால் இல்லாத பள்ளக்காணி, ஆகவே இரும்பு நச்சாக இருக்கலாம். நாகக் (துத்தநாகக்) குறைபாடும் நீர் தேங்கிய வயலில் ஏறத்தாழ இப்படித்தான் காட்டும். கண்ணால் பார்த்துப் பிரிக்க எனக்கு அப்போது தெரியவில்லை. பட்டம் பெற்றவள், ஒன்றைச் சொல்லிவிட்டால் மரியாதை தப்பும். ஆனால் நான் நாகம் என்று சொல்லி அது இரும்பாக இருந்தால் அவர்கள் காசு கொடுத்து நாக சல்பேற்று வாங்கி வீணாகக் கொட்டுவார்கள். "தெரியவில்லை, மண்ணும் இலையும் எடுத்துப் போகிறேன், சோதித்துச் சொல்கிறேன்" என்றேன். ஒருவர் முகம் சுளித்தார். மற்றவர் மண்வெட்டி எடுத்து வந்து மாதிரி தோண்டித் தந்தார்.

அதிலிருந்து எனக்கு ஒரு பழக்கம். பயம் வரும்போது "எனக்குத் தெரியாது" என்பதை மூன்றாகக் கிழிப்பேன். படித்தால் எனக்கு வந்துவிடக்கூடியது ஒரு பக்கம். வேறொருவருக்குத் தெரிந்தது, போய்க் கேட்க வேண்டியது ஒரு பக்கம். இன்னும் எவருக்கும் தெரியாதது மூன்றாவது. இந்த மூன்றாவது பக்கத்துக்காகத்தான் நமக்குச் சம்பளம் தருகிறார்கள். அதற்காக வெட்கப்பட்டால் வேறு வேலை தேட வேண்டியதுதான்.

உயிரணு ஆய்வாளர் மார்ட்டின் சுவார்ட்ஸ் 2008இல் இதைப் பற்றி எழுதியிருக்கிறார். கலாநிதிப் பட்ட மாணவராக இருந்தபோது தன் சிக்கலை ஹென்றி டௌபிடம் கொண்டுபோய்க் கேட்டாராம். டௌப் அதன்பின் 1983இல் இரசாயனத்துக்கு நோபல் பரிசு பெற்றவர். "எனக்குத் தெரியாது" என்றாராம் அவர். அவருக்கே தெரியாவிட்டால் யாருக்கும் தெரியாது, அப்படியானால் இது தான் தீர்க்க வேண்டிய ஆய்வுச் சிக்கல் என்று அப்போதுதான் விளங்கியதாம்.

வாவிமகள், மேடையில் கேட்கப்படும் என்று நீங்கள் பயப்படும் கேள்விகளை எழுதுங்கள். எழுதி மூன்றாகப் பிரித்து இங்கே போடுங்கள்.

#12 பழைய_ஆய்வுகூடம்

இந்தப் பிள்ளை சொன்னதுதான் சரியான முறை. நான் எழுத நினைத்ததை என்னைவிட நன்றாக எழுதிவிட்டார்.

#13 வாவிமகள்

நேற்று இரவு உட்கார்ந்து எழுதினேன் ராத்தா. எதிர்பார்த்ததைவிடப் பட்டியல் சிறியதாக வந்தது. அதுவே எனக்கு வியப்பு.

படித்தால் வருவது: காலத் தொடர்த் தரவை ஆர் மென்பொருளில் கையாளும் ஒரு முறை. இவ்வளவு காலமும் ஒரு நண்பன் எழுதித் தந்த நிரலை அப்படியே ஓட்டுகிறேன். யாராவது "ஏன் இந்த மாதிரியுரு?" என்று கேட்டால் என்னிடம் விடை இல்லை. இது சிண்ட்ரோம் இல்லை, உண்மையான ஓட்டை.

கேட்டால் வருவது: வாவி கடலோடு சேரும் முகத்துவாரத்தை வெட்டி விட்ட நாட்களின் பதிவுகள். உப்புச்செறிவு திடீரென ஏறும் இடங்களுக்கு அதுதான் விளக்கமாக இருக்க வேண்டும். மீனவர்களுக்கும் கச்சேரிக்கும் (மாவட்டச் செயலகத்துக்கும்) தெரியும். நான் இதுவரை போய்க் கேட்கவில்லை.

எவருக்கும் தெரியாதது: மாரி முடிந்து உப்பு மீண்டும் ஏறும் வாரங்களில், ஒரே ஆழத்தில், ஒரே உப்புச்செறிவில், வாவியின் இரண்டு கரைகளிலும் ஏன் வேறு வேறு இனங்கள் மேலோங்குகின்றன? என் இரண்டாவது கட்டுரையே இதைப் பற்றித்தான். இதற்கு விடை தெரியாததற்காகத்தான் நான் அதிகம் வெட்கப்பட்டுக்கொண்டிருந்தேன்.

ஆங்கிலம் இந்த மூன்றிலும் அடங்கவில்லை. அதை எங்கே போடுவது?

#14 மெல்பேர்ன்_மட்டு

ஆங்கிலத்தை முதல் பக்கத்தில் போடுங்கள், ஆனால் மொழியாக அல்ல, நடைமுறையாக. கேள்வி விளங்காவிட்டால் திருப்பிச் சொல்லக் கேட்பது அவமானம் இல்லை. இங்கே சீனர், பிரேசில்காரர், ஜப்பானியர் எல்லோரும் கேட்கிறார்கள். "நீங்கள் கேட்பது இதுதானா?" என்று கேள்வியை உங்கள் சொற்களில் மீண்டும் சொல்லிவிட்டு விடை சொல்லுங்கள். யோசிக்கவும் கொஞ்சம் நேரம் கிடைக்கும். விரும்பினால் ஞாயிற்றுக்கிழமை காணொளியில் வாருங்கள். கேள்வி கேட்டு வறுத்தெடுக்க நான் ஆள் சேர்க்கிறேன்.

இன்னொன்று. 2010இல் மெலனி ஸ்டீஃபன் என்ற ஆய்வாளர், நமக்குக் கிடைக்காத வேலைகள், திரும்பி வந்த கட்டுரைகள் எல்லாவற்றையும் சேர்த்து ஒரு தோல்விப் பட்டியல் எழுதி வைக்க வேண்டும் என்று எழுதினார். 2016இல் பிரின்ஸ்டன் பேராசிரியர் யொஹானஸ் ஹவுஷோஃபர் தன்னுடையதை வெளியிட்டு அது உலகமெல்லாம் சுற்றியது. இங்கே ஆளுக்கு ஒரு பட்டியல் போட்டால் என்ன?

#15 பழைய_ஆய்வுகூடம்

வேண்டாம் தம்பி. பிரின்ஸ்டன் பேராசிரியர் தோல்வியை எழுதினால் பணிவு என்று கைதட்டுவார்கள். நிரந்தர நியமனம் இல்லாத ஒரு பெண்பிள்ளை எழுதினால் நேர்முகத் தேர்வில் அதை அச்சிட்டு மேசையில் வைப்பார்கள். அப்படிப்பட்ட தேர்வுக் குழுக்களில் இருந்தவன் நான். பட்டியல் எழுதலாம், நம்பகமான நாலு பேருக்குள் சுற்றலாம். ஊர் பார்க்கும் இடத்தில் வேண்டாம்.

#16 களுவாஞ்சி_டொக்டர்

சேர் சொன்னதிலேயே இந்த விடயத்தின் இன்னொரு பாதி இருக்கிறது. எல்லாவற்றையும் வாவிமகளின் தலைக்குள் தேடிக்கொண்டிருக்கிறோம். 2021இல் ருச்சிகா துல்ஷ்யான், ஜோடி ஆன் பியூரி என்ற இருவர் எழுதிய கட்டுரை பரவலாகப் பேசப்பட்டது. பெண்களைத் திருத்துவதை விட்டுவிட்டு, அவர்களைச் சந்தேகிக்க வைக்கும் வேலைத்தலங்களைத் திருத்துங்கள் என்பது அவர்களின் வாதம். என் தங்கையிடம் ஒரு நேர்முகத் தேர்வில் ஆய்வைப் பற்றி ஒரு கேள்வி, திருமணத்தைப் பற்றி மூன்று கேள்வி. வெளியே வந்து "எனக்குத் தகுதி இல்லை போலிருக்கிறது அக்கா" என்றாள். அந்த முடிவுக்கு அவளாக வந்ததாகவா நினைக்கிறீர்கள்?

ஒவ்வொரு ஆறு மாதமும் ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்று காத்திருப்பவருக்கு "நான் இங்கே நிலையில்லாதவள்" என்று தோன்றினால் அது மனப்பிரமை இல்லை. கையில் உள்ள கடிதமே அப்படித்தான் சொல்கிறது.

#17 வாவிமகள்

டொக்டர், இதை அச்சிட்டு என் மேசையில் ஒட்டலாம் போலிருக்கிறது. ஒட்டினால் புதுப்பிக்க மாட்டார்கள்.

#18 தேற்றாத்தீவு_தம்பி

அக்கா, ஞாயிற்றுக்கிழமைக் காணொளியில் மாணவர்களும் வரலாமா? விரிவுரையாளர் ஒருவர் "இது எனக்குத் தெரியாது" என்று சொல்லி நாங்கள் நேரில் பார்த்ததில்லை.

#19 ஒலுவில்_எண்கணக்கு

நானும் வருகிறேன். காலத் தொடர் மாதிரியுருவை நான் விளங்கப்படுத்துகிறேன், ஓர் அமர்வு போதும். பதிலுக்கு நீங்கள் எனக்கு அந்த இரண்டு கரைத் தரவையும் காட்ட வேண்டும். ஒரே உப்புச்செறிவில் இனங்கள் மாறுகின்றன என்றால் நீங்கள் அளக்காத ஒரு மாறி அங்கே இருக்கிறது. படுவான்கரைப் பக்கம் வயல்களிலிருந்து வடியும் நீரில் பொசுபேற்று, நைத்திரேற்று பார்த்தீர்களா?

#20 வாவிமகள்

நைத்திரேற்று இருக்கிறது நானா, பொசுபேற்று ஒரு பருவத்துக்கு மட்டும். இதே கேள்வியைத்தான் மீளாய்வாளரும் கேட்டிருந்தார். அன்றைக்கு அழுதேன், இன்றைக்கு உங்களுடைய கேள்வியைப் பார்த்து எந்தக் கோப்பில் இருக்கிறது என்று தேடப் போனேன்.

நேற்று மூன்று வேலை நடந்தது. பாலமீன்மடுவில் மீனவ ஐயா ஒருவரைப் பிடித்து முகத்துவாரம் வெட்டிய விபரம் கேட்டேன். வருடக்கணக்கில் கலண்டர் தாள்களில் குறித்து வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டு மணிக்குக் காணொளி, மாணவர்களும் வரலாம் தம்பி. மூன்றாவது, உடல்நிலை மின்னஞ்சலை அழித்துவிட்டு ஒப்புதல் அனுப்பிவிட்டேன். தலைப்பு: "மட்டக்களப்பு வாவியின் உப்புச்செறிவும் தாவர மிதவை உயிரிகளும்: ஒரு முழுமையான பார்வை".

வயிறு இன்னும் பிசைகிறது என்பதையும் பதிந்து வைக்கிறேன், சேர் தரவு கேட்பார்.

#21 பழைய_ஆய்வுகூடம்

"முழுமையான" என்ற சொல்லை எடுத்துவிடுங்கள். உங்கள் கட்டுரைகளைத் தேடி வாசித்தேன். தெற்கே கல்லாறு முகத்துவாரப் பக்கம் ஒரு மாதிரியும் எடுக்கவில்லையே. யாராவது அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

#22 வாவிமகள்

எடுத்துவிட்டேன் சேர். "பாலமீன்மடு முதல் மண்முனை வரை" என்று மாற்றித் திரும்ப அனுப்பியிருக்கிறேன்.

#23 பழைய_ஆய்வுகூடம்

மண்முனைப் பாலத்துக்கு வடக்கேயா, தெற்கேயா?

#24 வாவிமகள்

வடக்கே. வரைபடத்தில் குறித்திருக்கிறேன்.